நூறு சதவீதம் ஒரிஜினல் – யார் காதில் பூ?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் போட்டியில் இறங்கியபோதுதான், இப்படி ஒரு துப்பாக்கி விளையாட்டு இருப்பதே இங்கே பலருக்குத் தெரிந்தது. தெரிந்த வேகத்திலேயே மறந்தும் போனது. அந்த விளையாட்டின் அமெரிக்க வடிவத்தைச் சுற்றி ஒரு பெரிய சந்தை இருக்கிறது. எண்பது, நூறு வருஷத்துப் பழைய ட்ராப் துப்பாக்கிகளை வாங்குவது, விற்பது, சுடுவது, சுடாமல் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது. அந்தச் சந்தையின் மந்திரச் சொல் ‘ஒரிஜினல்’. இந்தப் பதிவின் சண்டை அந்தச் சொல்லோடுதான்.

துப்பாக்கிக்கும் பி.காம். பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்கள் கொஞ்சம் பொறுக்கவும். சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

முதலில் விளையாட்டு. தரையோடு தரையாக ஒரு சின்ன அறை. அதற்குள் ஓர் இயந்திரம். சுடுபவர் பின்னால் 16 கஜம் தள்ளி நின்று குரல் கொடுத்தால், 108 மில்லிமீட்டர் அகலத் தட்டு ஒன்று அவரை விட்டு விலகி, மேலெழும்பிப் பறக்கும். ரவைத் துப்பாக்கியால் அதை உடைக்க வேண்டும். திறமைசாலிகளை 27 கஜம் வரை பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்தக் காலத்தில் உயிருள்ள புறாவைப் பெட்டியில் அடைத்து வைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். அந்தப் பெட்டிதான் ‘ட்ராப்’. 1880இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண்ணில் தட்டு செய்தார், புறாக்கள் பிழைத்தன. (இன்றைய தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும்தான். பேர் மட்டும் ‘களிமண் புறா’. ஒரிஜினல் பற்றிய கட்டுரைக்கு நல்ல சகுனம்!) 1900இல் நியூயார்க்கின் குவீன்ஸில் தட்டுகளுக்கான முதல் கிராண்ட் அமெரிக்கன் போட்டி நடந்தது. 1924 முதல் 2005 வரை அது ஒஹையோ மாநிலத்து வாண்டேலியாவில். 2006இலிருந்து இல்லினாய்ஸ் மாநிலத்து ஸ்பார்ட்டாவில்.

இந்த ஆட்டத்துக்கென்றே துப்பாக்கிகள் பிறந்தன. 1912இல் வந்த வின்செஸ்டர் மாடல் 12, கையால் முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் பம்ப் ரகம். 1963 வாக்கில் வழக்கமான உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 20 லட்சம் செய்யப்பட்டது. அதில் ட்ராப் வகைக்குத் தனி மவுசு. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி இதாகா, எல்.சி. ஸ்மித், பார்க்கர், ஃபாக்ஸ் என்று வரிசையாக எல்லாக் கம்பெனிகளும் ஒற்றைக் குழல் ட்ராப் துப்பாக்கி போட்டன. இதாகாவின் உயர்ந்த ரகத்துக்கு ஜான் ஃபிலிப் சூசாவின் பெயர். ராணுவ பாண்டு இசையின் ராஜாவான அதே சூசாதான். மனிதருக்குத் தட்டுச் சுடுவதில் அப்படி ஒரு வெறி. அந்தத் துப்பாக்கியின் விசைக்காப்பில் தங்கத்தில் ஒரு கடல்கன்னி இருப்பாள்.

அழகான பொருட்கள். சேகரிக்கத் தோன்றுவதில் தப்பே இல்லை. எப்படி மதிப்புப் போடுகிறார்கள் என்பதில்தான் தகராறு.

சேகரிப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “தொழிற்சாலைப் பூச்சு எத்தனை சதவீதம் மிச்சம்?” குழலின் கருநீலம் எவ்வளவு, ரிசீவரில் கேஸ் ஹார்டனிங் நிறங்கள் எவ்வளவு, மரத்தில் செதுக்கிய கட்டங்கள் எவ்வளவு கூர்மை. 95 சதவீதம் என்றால் ஒரு விலை, 60 என்றால் வேறு விலை, யாராவது பூச்சைப் புதுப்பித்திருந்தால் விலை பாதிக்குக்கூட இறங்கும். தொழிற்சாலைக்கு வெளியே ஓர் அரம் பட்டிருந்தாலும் தீட்டு.

கொஞ்சம் யோசித்தால் இதன் அபத்தம் புரியும். ட்ராப் துப்பாக்கி என்பது உழைக்கிற துப்பாக்கி. ஒரு போட்டியில் 100 தட்டு, 200 தட்டு. விடாமல் ஆடுபவர் வருஷத்துக்குப் பல ஆயிரம் தோட்டா சுடுவார். கை வியர்வை படும், கன்னம் உரசும், பம்ப் ஓடி ஓடித் தேயும். அப்படியானால் 98 சதவீதப் பூச்சோடு இருக்கும் ட்ராப் துப்பாக்கி எது? யாரும் ஆடாத துப்பாக்கி. வாங்கியவருக்குத் தோளில் பொருந்தாமல் போனதாகவோ, பரிசாக வந்து அலமாரியில் தூங்கியதாகவோ இருக்கலாம். செய்த வேலைக்கே வராத பொருளுக்குத்தான் சந்தையில் முதல் மரியாதை. பாடாத பாகவதருக்குப் பொன்னாடை போர்த்துவது மாதிரி.

இன்னொன்று. ட்ராப் துப்பாக்கியில் உடம்புக்கு ஏற்ற பொருத்தம்தான் எல்லாம். தட்டு மேலெழும்பிக்கொண்டே போவதால், ரவை கொஞ்சம் மேலே போகும்படி கன்னம் வைக்கும் மரவிளிம்பு உயரமாக இருக்க வேண்டும். கழுத்து நீண்டவருக்கு ஓர் உயரம், குட்டைக் கைக்காரருக்கு ஒரு நீளம். அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வாங்கிய கையோடு கட்டையை அறுத்தார்கள், ரப்பர் வைத்தார்கள், விளிம்பை உயர்த்தினார்கள். ஆயிரக்கணக்கில் சுட்டுச் சுட்டு விரல் திடுக்கிடும் நோய் வந்தவர்கள், விசையை அழுத்தும்போது வெடிக்காமல் விடும்போது வெடிக்கும் ‘ரிலீஸ்’ விசையைப் பொருத்தினார்கள். இதெல்லாம் துப்பாக்கிக்கு நேர்ந்த விபத்து இல்லை. அதன் வாழ்க்கை. தையற்காரர் உடம்புக்குத் தைத்துக் கொடுத்த சட்டையை, “கடையில் தொங்கியபடி இல்லையே” என்று தள்ளுகிறவரை என்ன சொல்வது?

இப்போது பி.காம். பகுதி.

1970இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்தக் கட்டுரை முக்கியக் காரணம். விஷயம் எளிது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், நல்ல பொருளுக்கும் சொத்தைக்கும் ஒரே விலை விழும். நல்லதை வைத்திருப்பவர் சந்தையை விட்டுப் போய்விடுவார், சொத்தை மட்டும் மிஞ்சும். பழைய ட்ராப் துப்பாக்கிச் சந்தை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ‘தொடாதது’ என்றால் கொழுத்த விலை, ‘தொட்டது, ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டேன்’ என்றால் அடிமாட்டு விலை. இப்படி வைத்தால் எவன் உண்மையைச் சொல்வான்? கெட்டிக்காரத் தொழிலாளி ஒருவரைப் பிடித்து, தொட்டதைத் தொடாதது போலக் காட்டுவான். ஒரிஜினல் வெறிதான் போலிக்குச் சம்பளம் கொடுக்கிறது.

போலிகள் எப்படிப் பிடிபடுகின்றன என்பது சுவாரசியமான கதை. இந்த விஷயத்தில் சேகரிப்பாளர்களின் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும். மாடல் 12ஐ இரண்டாகக் கழற்றலாம். ரிசீவரில் ஒரு நம்பர், குழல் பக்கத்து இணைப்பில் ஒரு நம்பர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். (பழைய புல்லட் வாங்கும்போது எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒத்துப் பார்ப்பது மாதிரி.) அடுத்தது ரிப். குழலின் மேல் காற்றுப் புகும் இடைவெளிகளோடு ஓடும் பட்டை அது. ட்ராப் ஆட்டக்காரர்கள் விரும்புவது. சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் மொட்டைக் குழலில் பிற்பாடு வெளிக்கடையில் ரிப் ஏற்றிவிட்டு, ‘ஃபாக்டரி ட்ராப்’ என்று விற்பது பழைய வித்தை. வின்செஸ்டரின் ‘டபிள்யூ பி’ சோதனை முத்திரை இதைக் காட்டிக் கொடுக்கும். மொட்டைக் குழலில் முத்திரை நேர் உச்சியில் இருக்கும். தொழிற்சாலையே ரிப் வைத்த குழலில், உச்சியை ரிப் பிடித்துக்கொள்வதால், முத்திரை ஓரமாக ஒதுங்கியிருக்கும். உச்சியில் முத்திரையும் அதன் மேல் ரிப்பும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் பொதுவாக இந்த விதி நிற்கிறது.

பஃப் போட்டு மறுபடி கருநீலம் ஏற்றியதும் தெரிந்துவிடும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி லேசாகக் குழி விழும், நேர்க்கோடாக இருக்க வேண்டிய ஓரங்கள் சோப்பு மாதிரி வழுவழுக்கும். மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் அது இரும்பை விடத் தாழ்ந்து கிடக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது மரம் இரும்பை விட ஒரு மயிரிழை உயர்ந்தே இருக்கும். பார்க்கரின் ரிசீவரில் இருக்கும் நீலமும் பழுப்பும் கலந்த நிறங்கள் சாயம் இல்லை. எலும்புக்கரியும் மரக்கரியும் சேர்த்த பெட்டியில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் போடும்போது உண்டாவது. அதைத் திரும்பச் செய்யும்போது இரும்பு கோணிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இத்தனை நுட்பமான கண் இருந்து என்ன பிரயோஜனம்? எல்லாம் ஒரே கேள்விக்குத்தான் செலவாகிறது: “தொட்டார்களா, இல்லையா?” கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. “என்ன செய்தார்கள், சொன்னார்களா?” இதுதான் கேள்வி.

இது வெறும் ரசனைச் சண்டையும் இல்லை, உயிர் விஷயம். குழலின் உட்புறத்தில் துருப்பிடித்துக் குழி விழுந்தால், சிலர் உள்ளே கடைந்து பளபளப்பாக்கிவிடுவார்கள். எட்டிப் பார்த்தால் கண்ணாடி. ஆனால் கடைந்த அளவுக்குக் குழலின் சுவர் மெலிந்திருக்கும். வெடிக்கும்போது சுடுபவரின் இடது கை அந்தச் சுவருக்குச் சில அங்குலம் தள்ளித்தான் இருக்கிறது. பழைய பார்க்கர்களில் பல, இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவுக்குச் செய்யப்படாதவை. தோட்டா உட்காரும் அறை குட்டை. அதை நீட்டியிருக்கிறார்களா, எவ்வளவு என்பது தெரியாமல் சுடுவது சூதாட்டம். முன்னே சொன்ன ரிலீஸ் விசையையே எடுத்துக்கொள்ளலாம். விரலை எடுத்தால் வெடிக்கும் துப்பாக்கியை, அது தெரியாத ஒருவர் கையில் கொடுத்தால்? அதற்காகத்தான் அத்தகைய துப்பாக்கியில் எச்சரிக்கை ஒட்டுவது வழக்கம். ஆனால் அந்த ஒட்டுத்தாளே ‘மாற்றம் செய்தது’ என்று ஊருக்குச் சொல்லிவிடும். விற்கும் நேரத்தில் அதைக் கிழித்துவிடத் தூண்டுவது எது? அதே சதவீதக் கணக்குதான்.

ஒரிஜினல் பக்தர்களுக்கு விழுங்க முடியாத ஒரு சமாச்சாரம் பிரவுனிங் கம்பெனியின் கதையில் இருக்கிறது. 1960களின் நடுவிலிருந்து சில வருஷங்கள், வால்நட் மரத்தைச் சீக்கிரம் உலர்த்த உப்பைப் பயன்படுத்தினார்கள். மரம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, மரம் தொட்ட இடத்திலெல்லாம் இரும்பை அரிக்க ஆரம்பித்தது. மேலும் கீழுமாக இரட்டைக் குழல் கொண்ட சூப்பர்போஸ்டு துப்பாக்கிகளும் இதில் மாட்டின. அகலமான ரிப் வைத்த பிராட்வே ட்ராப் போன்ற உயர்ந்த ரகங்கள் கொண்ட வரிசை அது. வெளியே ஒன்றும் தெரியாது. பின்தட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினால் துரு. மரத்தின் பச்சை இடத்தில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு இருந்தால் வெள்ளையாகும். பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபில் எல்லாரும் செய்த அதே உப்புப் பரிசோதனை!

கம்பெனியே பல துப்பாக்கிகளுக்குக் கட்டையை மாற்றிக் கொடுத்தது. இப்போது ஒரே வருஷத்துத் துப்பாக்கிகள் இரண்டு மேஜை மேல் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நூறு சதவீதம் ஒரிஜினல், உப்பு மரத்தோடு உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று மரம் மாற்றியது, கல் மாதிரி இருக்கிறது. எதை வாங்குவார் நம் ஒரிஜினல் பக்தர்? மாற்றியதைத்தான். உப்பு மரம் என்று தெரிந்தால் பத்தடி தள்ளி நிற்பார். ஆக, அவருக்கும் ஒரிஜினல் தெய்வம் இல்லை. சௌகரியப்படும்போது கும்பிடுவார், நஷ்டம் வந்தால் முதுகைக் காட்டுவார். அப்புறம் ரப்பர் பேடு வைத்த மாடல் 12ஐப் பார்த்து மட்டும் ஏன் இந்த முகச்சுளிப்பு?

சட்டத்தின் பக்கமும் வேடிக்கை உண்டு. இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15. வருணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. அமெரிக்காவில் சீரான வணிகச் சட்டத் தொகுப்பு இருக்கிறது, அதன் 2-313 பிரிவும் இதே ஜாதி. பேரத்துக்கு அடிப்படையான வருணனை உத்தரவாதம் ஆகிவிடும். ஆனால் விற்பவரின் வெறும் அபிப்பிராயம் உத்தரவாதம் ஆகாது. இதைப் படித்த பிறகு துப்பாக்கி விற்பனைக் குறிப்புகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ‘ஒரிஜினல்’ என்று நேராக எழுதுகிறவர் குறைவு. ‘ஒரிஜினலாகத் தோன்றுகிறது’, ‘ஒரிஜினல் என்று நம்புகிறோம்’, ‘படங்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்’. விலையில் மட்டும் ‘தோன்றுகிறது’ கிடையாது. அது கறாராக ஒரிஜினல் விலை :-)

சரி, எதிர்த்தரப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும். “பழைய துப்பாக்கிதானே, எனக்கு வேண்டியபடி அறுப்பேன்” என்று கிளம்பும் சுடுவோர் கூட்டம் ஒன்று உண்டு. பார்க்கரின் உயர்ந்த ரகக் கட்டையில் டிரில்லைப் போட்டு, ஏற்றி இறக்கும் கன்னத்தாங்கி வைப்பவர்கள். இவர்களுக்கும் வக்காலத்து வாங்க முடியாது. ஒரு தடவை அழிந்த தொழிற்சாலைப் பூச்சு திரும்பி வராது. அதில் அந்தக் காலத்து உலையின் வேலை, செதுக்கியவரின் கை, கம்பெனியின் பழக்கம் எல்லாம் பதிந்திருக்கிறது. யாராவது நாளைக்கு ஆராய வேண்டுமானால் தொடாத துப்பாக்கி சில இருக்கத்தான் வேண்டும். அதிகம் செய்யப்படாத ரகங்களை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்தி. உயரம் சரியில்லையா, மரத்தைத் தொடாமல் கழற்றி மாட்டும் வார் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம், அல்லது இன்னொரு கட்டையைச் செய்து மாட்டிவிட்டுப் பழையதைத் துணியில் சுற்றி வைக்கலாம். அதற்காக 20 லட்சத்தில் ஒன்றான மாடல் 12க்கும் அதே மடி ஆசாரம் பார்ப்பது அதிகப்படி.

கணக்குப் பதிவியலில் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்தாயிற்று. ஒரு கம்பெனி நஷ்டமே அடையாமல் இருந்ததா என்பது நேர்மையின் அளவுகோல் இல்லை. பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே வரும் குறிப்புகளில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறதா என்பதுதான் அளவுகோல். வழக்கு இருக்கிறதா, எழுது. கணக்கு முறையை மாற்றினாயா, எழுது. 2009இல் சத்யம் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் எப்படி மின்னியது என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் இருந்ததாகச் சொன்ன ஐயாயிரம் கோடி ரூபாய் சொச்சம் பணம் பேங்கில் இல்லை. மின்னுவதைச் சதவீதம் போட்டு அளந்தால் அப்படிப்பட்டதுதான் ஜெயிக்கும்.

துப்பாக்கிக்கும் குறிப்புகள் வேண்டும். பார்க்கருக்குப் பாதி வேலை ஏற்கெனவே நடக்கிறது. கம்பெனியின் பழைய ஆர்டர் புத்தகங்கள் பல தப்பிப் பிழைத்திருக்கின்றன. பார்க்கர் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கம் அவற்றைப் பார்த்து, குறிப்பிட்ட நம்பர் துப்பாக்கி என்ன ரகமாக, எந்த அளவுக் குழலோடு, என்ன கட்டையோடு ஆர்டர் செய்யப்பட்டது என்று கடிதம் தருகிறது. அந்தக் கடிதம் பிறப்புச் சான்றிதழ். அதற்குப் பிறகு நடந்ததை உரிமையாளர்தான் எழுத வேண்டும். எந்த வருஷம் யார் ரப்பர் வைத்தது, சோக்கைத் திறந்ததா, திறந்தால் எத்தனை அளவு, குழலின் சுவர் எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு. இப்படி ஒரு தாள் கூடவே வரும் துப்பாக்கிக்கு, தாள் இல்லாத ‘98 சதவீத’த்தை விடச் சந்தை கூடுதலாகக் கொடுக்கட்டும். போலி செய்கிறவனுக்கு அன்றைக்கே வேலை குறையும்.

பழுது பார்த்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும், அதெல்லாம் யார் எழுதிக் கொடுப்பார் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அமெரிக்கச் சட்டமே ஐம்பது வருஷம் தாண்டிய துப்பாக்கியைப் பழம்பொருள் வகையில் சேர்க்க ஒரிஜினல் அமைப்பில் இருக்க வேண்டும் என்று கேட்கிறதே என்றும் சொல்வார்கள். கேட்கட்டும். அந்த வகைப்பாடு உரிமத்துக்கும் வாங்கும் நடைமுறைக்குமானது, விலைப்பட்டியலுக்கானது இல்லை. மறைத்துத்தான் மதிப்பு நிற்கிறது என்றால், நின்றது மதிப்பு இல்லையே, வாங்கப்போகிறவரின் அறியாமைதானே.

விற்பவர் மேஜையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சுவர்த் தடிப்பை அளக்கும் கேஜும் இருந்தால் போதும். பின்தட்டைக் கழற்றி மரத்தைக் காட்ட, இரண்டு நம்பரையும் வாசிக்க, குழலை நாலு இடத்தில் அளக்க, கால் மணி நேரம் ஆகும். அதற்கு மறுக்கிற மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர அவ்வளவு நேரம்கூட ஆகாது.